முயலின் அழுகை

"இருட்டு வீட்டுல முயலை அழவிட்டு எங்க சின்ன வயசையே கெடுத்துட்டீங்க."

புது வீடியோ கேமைத் திட்டி வந்த கமென்ட்டுகளை ஒலிப்பதிவாளர் வாசித்துக் காட்டினார். அவர்கள் சின்ன வயதில் பார்த்த கார்ட்டூனிலும், அதை வைத்து இப்போது வந்த இந்தப் பேய் கேமிலும் முயலுக்குக் குரல் கொடுத்தவள் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பழைய சிரிப்புலதான் உயிர் இருந்துச்சாம். இந்த அழுகை வெறும் நடிப்பாம். மறுபடி எடுத்துடலாமாக்கா?"

"சிரிச்சதுதான் தம்பி நடிப்பு."

"அப்ப அழுகை?"

"ரெக்கார்டிங் அன்னைக்கு மைக்கை அணைக்காம நீ டீ குடிக்கப் போயிட்ட. எங்க பாப்பா விஷயத்துல டாக்டர் கையை விரிச்சுட்டார்னு அப்பதான் வீட்டுக்காரர் போன்ல சொன்னார். நீ ரிகர்சல்னு நெனச்சு அதையே சேத்துட்ட."

ஒலிப்பதிவாளர் கமென்ட் பக்கத்தை மூடினார்.

அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"மைக்கைப் போடு. அவங்க நம்பற மாதிரி நடிச்சுத் தரேன்."