மூன்று ஜோக்கர்

நடுக்கடலில் காற்று நின்றுபோய், பாய்மரப்படகு ஒன்பது நாளாக அசையவில்லை. அக்காவும் தம்பியும் தினமும் ஒரு ஆட்டம் ரம்மி போட்டார்கள். தினமும் அக்காவே ஜெயித்தாள்.

இன்று தம்பி கவிழ்த்து வைத்த சீட்டுகளை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள். மூன்று ஜோக்கர்!

“இதை வச்சுக்கிட்டா தோத்தே? என்னை ஏமாத்துறியா?”

“தோக்கிறவன் எங்கேயாவது ஏமாத்துவானாக்கா?”

“வாயை மூடு! ஒன்பது நாளா என்னை மடச்சியாக்கி வச்சிருக்கே!”

சீட்டுக்கட்டு மொத்தத்தையும் கடலில் வீசினாள்.

குடிநீர்த் தொட்டி விரிசல் விட்ட முதல் நாளே இருவரும் பேசி வைத்த ஏற்பாடு: ஜெயிக்கிறவருக்குத்தான் அன்றைய கடைசி டம்ளர் தண்ணீர்.

அந்த டம்ளரைத் தம்பியின் வெடித்த உதட்டில் வைத்து அழுத்தினாள்.

“குடிடா, அறிவுகெட்டவனே! உனக்கு ஒண்ணுன்னா அம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்வேன்?”