கீபோர்டு கோளாறு

“உன்னால இந்தக் குப்பையை நீக்க முடியுமா, முடியாதா?”

மேலாளர் கேட்டது ஆமையிடம். எதையும் நிதானமாகச் செய்வதால் அந்த ஆபீசில் அவளுக்கு அதுதான் பெயர்.

கம்ப்யூட்டரில் கடிதம், கட்டுரை தட்டச்சு செய்ய உதவும் ஒரு பழைய மென்பொருளைப் பராமரிப்பதுதான் அங்கே எல்லாருக்கும் பிழைப்பு. ஆளாளுக்கு எழுதிச் சேர்த்த நிரல் வரிகளால் உள்ளே அது பரண் மாதிரி ஆகியிருந்தது. மேலாளர் ஒரு மாதமாகத் துடைப்பமும் கையுமாக நிற்கிறார்.

“மத்ததெல்லாம் நீக்கிட்டேன் சார். இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே. முன்னே எந்தப் புண்ணியவானோ எழுதி வச்சது.”

“என்ன செய்யுது இது?”

“விரல் தடுமாறி ஒரே எழுத்தை டக்குடக்குன்னு ரெண்டு தடவை தட்டிட்டா, ரெண்டாவதை முழுங்கிடும் சார்.”

“யாரு அப்படித் தட்டுவா? குரங்கா?”

பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். ஆமை சிரிக்கவில்லை.

“எடுத்தா வேற எங்கேயாவது இடிக்கும் சார்.”

“போன வாரமும் இதையேதான் சொன்னே. சோம்பேறித்தனத்துக்கு ஆயிரம் சாக்கு. நான் அடிச்ச கடிதத்துல என்னிக்காவது ஒரு பிழை பார்த்திருக்கியா? விரல்ல ஒழுங்கு வேணும்மா.”

டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார். அப்படியும் சட்டையில் சிந்தியது.

“நகரு. நானே நீக்கறேன்.”

நீக்கினார். புதுப் பதிப்பை முதல் ஆளாகத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார். ஆமையை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி மேலிடத்துக்குக் கடிதம் அடிக்க உட்கார்ந்தார்.

ஆமை ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டிக்கொள்வது போல உதடு மட்டும் அசைந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலாளர் அறையிலிருந்து சத்தம்.

“யாரு என் கீபோர்டை மாத்தினது?”

பக்கத்து இருக்கைக்காரர் ஓடிப்போய்ப் பார்த்தார். ‘மமதிப்பிற்குரிரிய ஐயயா’ என்று இருந்தது திரையில்.

வேறு கீபோர்டு வந்தது. ‘இந்ததப் பெண்ணுக்குச் சுத்ததமே தெரிரியாது’ என்றது அது.

மேலாளர் நிறுத்தினார். எதையும் தட்டாமலே தன் விரல்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஆமையிடம் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“ஏம்மா… அந்தக் குப்பையை என் கம்ப்யூட்டர்ல மட்டும் ஓட விட்டிருந்தியா?”

ஆமை தலை நிமிரவில்லை. அவர் நீக்கியதை வரி வரியாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“கீபோர்டுதான் சார் பழுது. இப்போ சரியாயிடும்.”