இஞ்சேருங்கோ

நினைவுத்தூணில் பெயர் உள்ளவர்கள், இந்தக் கடற்கரையில் கமராவைத் தூக்கினால் திரையில் வந்து நிற்பார்கள். போரில் சாகாதிருந்தால் இன்றைக்கு எப்படி இருப்பார்களோ, அந்தத் தோற்றத்தில்.

வலை உதறுபவர்களையும் ஐஸ்பழம் தின்னும் பிள்ளைகளையும் படமெடுப்பது என் வேலை. இன்று என் மனைவி தவமலர் சோறு கொண்டுவந்தாள். அவளை எடுக்கலாமென்று கமராவைத் திருப்பினேன். பக்கத்தில் அவளுடைய முதல் கணவன் கமலேந்திரன். எனக்கு வழுக்கை விழுந்துவிட்டது. செத்தவனுக்குத் தலை நிறைய முடி.

“அவர் நிக்கிறாரோ?” என்றாள்.

“ஒருத்தரும் இல்லை. கடல்தான் தெரியுது.”

நம்பினாளோ என்னவோ, மணலில் அமர்ந்து பார்சலைப் பிரித்தாள்.

“இஞ்சேருங்கோ, சோறு ஆறுது.”

பெயர் சொல்லாமல் அவள் என்னைக் கூப்பிடும் சொல் அது. நான் நிமிர்வதற்குள், திரையில் அவன் அவள் பக்கம் திரும்பிவிட்டான்.