அரை வாட் சுவிட்ச்

"கிதாருக்குச் சத்தம் கம்மியா ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் வேணும்," என்றாள் மொய்ரா.

ஷெஃபீல்டில் கிதார் கடை வைத்திருக்கும் க்ளைவுக்குக் குஷி பிறந்துவிட்டது.

"இது அஞ்சே வாட்தாம்மா. இந்த சுவிட்சைத் தட்டினா அரை வாட். நாதம் அப்படியே இருக்கும், பக்கத்து வீட்டுக்குக் கேக்காது. வீட்ல இருக்கிற ஸ்பீக்கர் பெட்டியிலயே மாட்டிக்கலாம்."

"நீங்களும் இதுதான் வச்சிருக்கீங்களா?"

"நானா? நூறு வாட்! லீவு நாள்ல காலையில ஆரம்பிச்சா ஜன்னலெல்லாம் ஆடும்!"

"சரி, இதையே குடுங்க. ஒருத்தருக்குப் பரிசு. நேரா அவர் வீட்டுக்கே அனுப்பிடுங்க."

"விலாசம் சொல்லுங்க."

"வெல்பி தெரு, பதினாலாம் நம்பர்."

க்ளைவின் பேனா பாதியில் நின்றது. அது அவன் வீடு.

"போன வாரம்தான் உங்க பக்கத்து வீட்டுக்கு, பதினாறாம் நம்பருக்குக் குடிவந்தேன். நர்ஸ் வேலை, பகல்லதான் தூங்க முடியும்," என்று சிரித்தாள் மொய்ரா. "அந்த அரை வாட் சுவிட்ச் அசையாம ஒரு டேப்பும் ஒட்டிடுங்க."