குனிந்து வாசித்தவர்

"இன்னைக்கும் எப்படி உட்கார்ந்திருக்கார் பாருடி. வயித்தெரிச்சல் முதுகு வரைக்கும் ஏறிடுச்சு," என்று கிசுகிசுத்தாள் வயலின்காரி லிண்டிவே.

நோக்வாண்டா பார்த்தாள். செல்லோ என்ற ஆளுயரப் பெரிய வயலின் வாசிப்பவர்கள் வரிசையின் முதல் நாற்காலியில் பெகி மாமா, ஆறடிக்கு மேல் உயரமான மனிதர், செல்லோவின் மேல் கவிழ்ந்து கிடந்தார். இந்தக் கச்சேரிக்கு ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்தே இப்படித்தான். அதற்கு முன்பு அந்த ஆர்கெஸ்ட்ராவில் அவரைப்போல் நிமிர்ந்து உட்கார ஆள் கிடையாது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன வருஷம் வரை அதே வரிசையின் கடைசி நாற்காலியில் இருந்த சொவேட்டோ ஊர்ப் பெண் நோக்வாண்டாவை, ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் தனியாக வாசிக்க அழைத்துவிட்டார்கள். பல வருஷமாக முதல் நாற்காலியில் இருப்பவரை யாரும் அழைக்கவில்லை.

முதல் ஒத்திகையில் அவர் வந்து, அவளுடைய செல்லோவின் அடிப்பக்கத்தையே முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். "கண்ணு வெக்கிறார்," என்றாள் லிண்டிவே.

"வெக்கட்டும். என் வாசிப்பு அதுக்கெல்லாம் பயப்படாது," என்றாள் நோக்வாண்டா. நெஞ்சழுத்தக்காரி. ஷேர் டாக்சியில் செல்லோவுக்கும் ஒரு சீட் பிடித்து, முணுமுணுப்பவர்களை முறைத்தே வளர்ந்தவள்.

கச்சேரி அன்று மண்டபம் நிரம்பியிருந்தது. நன்றாக அமைந்தால் அடுத்த மாதம் கேப் டவுனிலும் அவள்தான். சொதப்பினால் மறுபடி கடைசி நாற்காலி.

பிரமாதமாக வாசித்தாள். கடைசிப் பகுதி தொடங்கியதும், படீரென்று ஒரு தந்தி அறுந்தது.

அப்படி ஆனால் முதல் நாற்காலிக்காரர் தன் செல்லோவைக் கொடுப்பது வழக்கம். பெகி மாமா உடனே நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். செல்லோவைத் தரையில் ஊன்ற அடியில் ஒரு கம்பி உண்டு. நெட்டையானவர்கள் அதை நீளமாக இழுத்து வைத்திருப்பார்கள். அவளோ ஐந்தடி. கம்பியைத் திருகி உள்ளே தள்ள நேரம் வேண்டும். ஆர்கெஸ்ட்ரா நிற்கவில்லை, அவள் நுழைய வேண்டிய இடம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஊன்றினாள்.

செல்லோ அவள் நெஞ்சில் அளவெடுத்த மாதிரி வந்து உட்கார்ந்தது.

யோசிக்க நேரமில்லை. வில்லைத் தந்தியில் வைத்து இழுத்தாள். முடித்தபோது மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

திரை விழுந்ததும் நேரே அவரிடம் போனாள். அவர் இடுப்பில் கை வைத்து, முனகிக்கொண்டே நிமிரப் பார்த்தார்.

"மாமா, கம்பியை என் உயரத்துக்கா வெச்சிருந்தீங்க? இத்தனை நாளும்?"

"தந்தி ஒத்திகையிலயும் அறுந்து தொலையலாம் இல்ல?"

"ஊரே உங்களைப் பொறாமைக்காரர்னு பேசுது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் செல்லோவைத் திருப்பி வாங்கி, திருகைத் தளர்த்தி, கம்பியை முழு நீளத்துக்கும் இழுத்தார்.

"சொல்லியிருந்தா எப்போ அறுந்துடுமோன்னு பயந்துக்கிட்டே வாசிச்சிருப்ப. என்னைத் திட்டிக்கிட்டு வாசிச்சப்பதான், பொண்ணே, நீ நல்லா வாசிச்ச."