படத்தில் விழாத வாசனை

“மாம்பழ வாசன வர்ற மாதிரி போட்டோ எடுத்து வச்சிருக்கீங்கல்ல, அதே மாதிரி எங்க ஊட்டுக்காரரு வாசனையும் எடுத்துத் தரணும்ணா.”

தீர்த்தகிரி நிமிர்ந்து பார்த்தார். ஓசூரில் பதினேழு வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பெண் சிவப்பாகத் தெரிகிற மாதிரி, இறந்துபோன கிழவர் உயிரோடு இருக்கிற மாதிரி என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். இது புதிது.

குற்றம் அவருடையதுதான். கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. தட்டில் பாதி அறுத்த மல்கோவா, பக்கத்தில் சாறு ஒட்டிய கத்தி. அதைப் பார்த்தாலே வாசனை வருவதாக பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சொன்னார்கள். ஒருநாள் கண்ணாடியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அதைப் பரிசு வாங்கிய செய்திபோல ஊர் முழுக்கச் சொன்னவர் அவரேதான்.

வந்தவள் பெயர் சுக்ரா. பாகலூர் ரோட்டில் வீடு. கையில் நாலு வயது மகள் ஜெய்னப். கணவன் ஜமீர் அகமது சவுதிக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்தே தூங்கிப் பழகிய குழந்தை, அன்றிலிருந்து இரவெல்லாம் “அத்தா எங்க” என்று உட்கார்ந்திருக்கிறது. அவர் சட்டையைப் போர்த்திப் பார்த்தார்களாம். மாமியார் அதற்குள் அதை நீலம் போட்டுத் துவைத்துவிட்டாள். டாக்டர் டானிக் கொடுத்தார். பசி மட்டும் கூடியது.

“அவரு மூஞ்சி இருக்கற போட்டோ ஊட்டுல நாலு இருக்குண்ணா. அத வச்சுக்கிட்டு இவ தூங்க மாட்டேங்கறா.”

என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார் தீர்த்தகிரி.

“கம்பெனிதாண்ணா.”

ஓசூரில் அது முழுப் பதில். அதற்கு மேல் கேட்பது, சாப்பிட்டாயிற்று என்றவரிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்வது போல.

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு, கணவனின் சட்டையையும் டிபன் கேரியரையும் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்தார். அடுத்த நாள் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவது, தொப்பியும் அத்தர் சீசாவும். அது பள்ளிவாசல் வாசனை என்றாள். மூன்றாவதற்கு லேத் பட்டறையில் எண்ணெய்ப் பஞ்சும் ஸ்பேனரும் இரவல் வாங்கி வந்து சட்டையருகே வைத்தார். யாரோ வேறு ஆளுடைய வாசனை என்றாள். நான்காவதும் ஐந்தாவதும் அப்படியே போயின. பக்கத்துக் கடை டெய்லர் நல்லுசாமி, அடுத்தது சத்தத்தைப் படம் எடுக்கப் போகிறாயா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

தினமும் இரண்டு மணிக்குத் தாயும் மகளும் வந்துவிடுவார்கள். இவர் பொருள்களை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதற்குள், குழந்தை இருட்டறைத் திரையோரம் கிடந்த பெஞ்சில் சுருண்டு தூங்கியிருக்கும். ராத்திரி கண் மூடாத பிள்ளை பகலில் விழத்தானே செய்யும் என்று ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவைத்தார். சுக்ராவும் எழுப்ப மாட்டாள். அதுவாக எழும்வரை காத்திருந்து அழைத்துப்போவாள்.

தீர்த்தகிரிக்குத்தான் தூக்கம் போயிற்று. நிறம் இல்லாத படத்தில் கண்ணுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும், மிச்சத்தை மூக்குதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படியும் வரவில்லையென்றால் தப்பு பொருளில் இல்லை, வைத்த விதத்தில். யோசித்துவிட்டு, ஜமீர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வார் என்று மட்டும் சுக்ராவிடம் கேட்டார். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போடுவார், ஒரு கை எப்போதும் உள்பக்கம் திரும்பியே கிடக்கும், டீயைப் பாதி குடித்துவிட்டு எழுந்துவிடுவார் என்றாள்.

ஆறாவது படத்தில் அதுதான் இருந்தது. நாற்காலி, ஒரு கை உள்ளே திரும்பிய சட்டை, தரையில் பாதி டீ, ஒன்று கவிழ்ந்த செருப்புகள். காய்வதற்குள் நல்லுசாமி எட்டிப் பார்த்தார்.

“ஆளு எங்க, கை கழுவப் போயிருக்காரா?” என்றார்.

தீர்த்தகிரிக்கு அது போதும். படத்தை சுக்ராவிடம் நீட்டினார்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். விரலால் அந்தச் சட்டையின் கையை வெளியே இழுத்துவிடப் போனவள் நிறுத்திக்கொண்டாள். முக்காட்டின் நுனி கண்ணுக்குப் போய் வந்தது.

“இல்லண்ணா,” என்றாள். “இதுலயும் வரல. நாளைக்கு வேற எடுங்க.”

தீர்த்தகிரி காமிராவை மூடினார். இனி எடுப்பதற்கில்லை, நாளை வர வேண்டாம் என்றார். குரலை உயர்த்தவில்லை.

“கண்ணுல தண்ணி நிக்குது. வாயி வரலேங்குது. என்கிட்ட ஏம்மா பொய் சொல்ற?”

சுக்ரா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தை வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. அது எழுந்துவிடாதபடி மெல்லச் சொன்னாள்.

“அவருக்குக் கம்பெனியில எக்ஸ்ரே வேலைண்ணா. வெல்டிங் வச்ச கொழாயில விரிசல் இருக்கான்னு எக்ஸ்ரே எடுத்து, இருட்டு ரூம்ல பிலிம் கழுவறது. உங்க கடையில அடிக்கற இதே மருந்து நெடியோடதான் தெனம் ஊட்டுக்கு வருவாரு. ரெண்டு மாசத்துல இவ கண்ண மூடித் தூங்கறது இந்த பெஞ்சுல மட்டுந்தான். போட்டோ சரியா வந்துடுச்சுன்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு எதச் சொல்லிக்கிட்டுண்ணா இங்க வர்றது?”