பிடித்துத் தைத்த மூட்டை

ஜன்னல் வெயில் கட்டில் கால்வரை வந்திருக்கிறது. கழுத்தில் அளவு டேப் தொங்க, கிழத் தையல்காரர் தானே தைத்த மணல் மூட்டையைக் கட்டிப்பிடித்து மூச்சடக்கித் தூக்குகிறார். மூட்டை மனைவியின் எடை. எழ முடியாத அவளைத் தனியாளாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக் காட்டாவிட்டால், சாயங்காலம் வரும் மகள் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாள். வாழ்நாளெல்லாம் குனிந்தே கிடந்த முதுகு இப்போதுதான் உடற்பயிற்சி பழகுகிறது. “மெதுவா, பயில்வானே,” என்கிறாள் படுத்திருக்கும் மனைவி. “மூட்டையைப் போட்டா அது கத்தாது. நான் கத்துவேன்.” அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூட்டையை நாற்காலியில் உட்காரவைக்கிறார். “பாத்தியா? போன மாசம் இது அசையக்கூட இல்ல.” “பாத்தேன். ஓரத்துல நூல் புதுசா இருக்கு. மண்ண எடுத்துட்டீங்களா?” அவர் டேப்பை விரலில் சுற்றுகிறார், பிரிக்கிறார். “உன் சட்டையப் பிடிச்சுத் தைக்கிறப்பல்லாம் இதையும் கொஞ்சம் பிடிச்சேன். உன் எடைதானே இருக்கணும்.” அவள் மெல்லக் கையைத் தூக்குகிறாள். போன வாரம் பிடித்துத் தைத்த சட்டைக்கை தோள்வரை வழுக்கி இறங்குகிறது. “அப்ப இன்னும் கொஞ்சம் எடுங்க,” என்கிறாள்.